தோரியக் கருவின் பிணைப்புச் சக்தி

தோரியம்-232இன் கருவில் 90 புரோத்தன்களும் 142 நியூத்திரன்களும் உள்ளன. இவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதுவே அக்கருவின் பிணைப்புச் சக்தி. அதை அறியும் முயற்சியில் இலங்கைக் கனிமங்களுக்குப் பங்குண்டு. திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளி, திரியாய் கடந்து புல்மோட்டை வரை போனால் கறுப்பு மணல் கரையைக் காணலாம். அதில் பெரும்பகுதி இல்மனைற்று. தோரியம் செறிந்த மோனசைற்றும் சிறிதளவு கலந்திருக்கிறது. 1957இல் அமைந்த கனிய மணல் கூட்டுத்தாபனம் அங்கே நாடியது முதன்மையாகத் தைற்றேனியத் தாதுக்களையே.

ஆனால் தோரிய ஆய்வில் இலங்கையின் வரலாறு தொடங்குவது வேறோர் இடத்தில். இலங்கைக் கனிமவியல் ஆய்வுப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கரிய கனசதுரப் படிகங்களை ஆய்வுக்காக இலண்டனுக்கு அனுப்பினார். 1904இல் அங்கே இரசாயனவியலாளர் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்துப் பார்த்தபோது முக்காற்பங்கு அளவுக்குத் தோரியம் ஒட்சைட்டு இருந்தது. கனிமம் தோரியனைற்று என்று பெயர் பெற்றது. கலை வரலாற்றாசிரியராகவே போற்றப்படும் குமாரசுவாமிக்குக் கருப் பௌதிகத்தின் தொடக்கத்திலும் உரிய இடம் தரவேண்டும். அடுத்த ஆண்டே ஓட்டோ ஹான் இந்த இலங்கைக் கனிமத்திலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். தோரைற்று என்ற இன்னோர் இலங்கைத் தோரியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயத்தை ஆராய்ந்த பிரெடரிக் சொடி, அதன் அணுநிறை 207.7 அளவில் இருக்கக் கண்டார். சாதாரண ஈயத்துக்கு அது 207.2. ஒரே தனிமத்துக்கு வேறுவேறு நிறையுள்ள சமதானிகள் உண்டு என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

1919 முதல் பௌதிகவியலாளர் அஸ்ரன் தமது திணிவு நிறமாலை வரைவியால் கருக்களை நுட்பமாக நிறுத்தார். 1932இல் நியூத்திரனும் கண்டறியப்பட்டதும் கணக்கு கைக்கு வந்தது. இலத்திரன்களும் சேர்வதற்காகப் புரோத்தன்களுக்குப் பதில் எடுத்த 90 ஐதரசன் அணுக்கள், 142 நியூத்திரன்கள் ஆகியவற்றின் மொத்தத் திணிவு 233.9347 அலகு, தோரியம் அணுவின் திணிவு 232.0381 அலகு. குறையும் 1.8966 அலகை, ஓர் அலகுக்கு நிகரான சக்தியாகிய 931.494ஆல் பெருக்கினால் பிணைப்புச் சக்தி 1766.7 மெகா இலத்திரன்வோல்ற்று. கருத்துகள் ஒன்றுக்கு 7.615. ஈயம்-208இல் இது 7.867, நிக்கல்-62இல் 8.795.

தோரியம் ஆறு அல்பாத் துகள்களையும் நான்கு பீற்றாத் துகள்களையும் வெளியிட்டு ஈயம்-208இல் முடிகிறது. மொத்தம் 42.6 மெகா இலத்திரன்வோல்ற்று வெளிப்படுகிறது. இவ்வளவு ஆதாயம் இருந்தும் அதன் அரை ஆயுட்காலம் 1405 கோடி ஆண்டுகள். முதல் அல்பாத் துகள் மின்விலக்கத் தடையை ஊடுருவ வேண்டும். அதற்குள்ள வாய்ப்பு மிக அரிது என்பதைக் கமோவ் 1928இல் குவாண்டக் கொள்கையால் விளக்கினார். வைசேக்கர் 1935இல் பிணைப்புச் சக்திக்குச் சூத்திரம் தந்தார். ஆனால் ஈயம்-208 ஏன் அவ்வளவு உறுதி என்பதற்கு அது போதவில்லை. அதன் 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் நிரம்பிய ஓடுகள் என்று 1949இல் மரியா மேயரும் யென்சனும் காட்டிய பிறகே விடை கிடைத்தது.

தோரியம் நேரடி எரிபொருளாகாததற்கும் பிணைப்புச் சக்திக் கணக்கே காரணம். அது மெது நியூத்திரன் ஒன்றை ஏற்றால் கிடைப்பது 4.8 மெகா இலத்திரன்வோல்ற்று. கரு பிளக்க ஏறத்தாழ 6 வேண்டும். ஏற்ற பின் இரு பீற்றாச் சிதைவுகளால் உருவாகும் யுரேனியம்-233 இன்னொரு நியூத்திரனை ஏற்கையில் 6.8 கிடைப்பதால் பிளந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி உலை இந்த யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டதே.