ஆதரவு முடிந்த வீட்டு வலையமைப்புச் சேமிப்பகங்கள்

வலையமைப்புச் சேமிப்பகம் (நாஸ்) என்பது ரவுட்டருடன் இணைக்கப்பட்டு, வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் வன்தட்டுப் பெட்டி ஆகும். பார்வைக்கு வன்தட்டு, உண்மையில் தனக்கென இயங்குதளம் கொண்ட சிறு கணினி. உற்பத்தியாளர் அதன் மென்பொருளுக்குத் திருத்தம் வெளியிடுவதை நிறுத்திய பிறகும் வன்தட்டு பல ஆண்டுகள் ஓடும். சிக்கல் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தமிழ்நாடு இதே சிக்கலை மேசைக் கணினிகளில் முன்பே சந்தித்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு மாறுமாறு மாநில அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. கணினியை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மாற்றும் வழி அது. வீட்டுச் சேமிப்பகம் வைத்திருந்தோருக்கு அப்படி அறிவுறுத்த எவரும் இல்லை.

அதன் விளைவு 2021 ஜூன் மாதம் தெரிந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் கருவிகள் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாமாகவே தொடக்கநிலைக்குத் திரும்பின. பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் கோப்புகளும் மறைந்தன. இக்கருவிக்குக் கடைசித் திருத்தம் வந்தது 2015-இல். 2018-இல் ஒரு பெரும் குறைபாடு கண்டறியப்பட்டும், ஆதரவு முடிந்துவிட்டதால் திருத்தம் வரவில்லை. ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது: எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்குக் கடவுச்சொல் கேட்கும் சோதனை, 2011-இல் நடந்த மென்பொருள் மாற்றத்திலேயே செயலிழந்திருந்தது. ஆதரவு இருந்த காலத்திலும் எவரும் கவனிக்காத ஓட்டை அது! இணையத்திலிருந்து துண்டிக்குமாறு நிறுவனம் அறிவித்தது. பின்னர் தரவு மீட்புச் சேவையும் வழங்கியது.

2024 ஏப்ரலில் டி-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்பகங்களில், கடவுச்சொல்லே இல்லாத உள்கணக்கு ஒன்று இருப்பது வெளியானது. திருத்தம் வராது, கருவியை மாற்றுங்கள் என்பதே நிறுவனத்தின் பதில்.

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் வட்டாரத்தில் அச்சுத்தொழில் செய்வோருக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. நாட்காட்டிப் படமோ பட்டாசுப் பெட்டியின் மேலட்டையோ அடுத்த ஆண்டும் தேவைப்படலாம் என்பதால் பழைய கோப்புகளை எளிதில் அழிக்க இயலாது. அப்படிப்பட்ட கோப்புகள் பழைய நாஸில் இருந்தால், முதல் வேலை அதன் இணைய வாசலை அடைப்பது. கருவியின் தொலை அணுக்கத்தை நிறுத்தி, ரவுட்டரில் அதற்காகத் திறந்த போர்ட்டுகளை மூடி, கருவிகள் தாமாகப் போர்ட் திறக்க இடமளிக்கும் யுபிஎன்பி வசதியையும் அணைக்க வேண்டும். எனினும் வீட்டிலுள்ள ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால் அதன் வழியே நாஸையும் எட்டிவிடும். முழுப் பாதுகாப்பு இதில் இல்லை.

மிகப் பழைய கருவிகள் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே அறியும். 2017 மே மாதம் வான்னாகிரை பரவியது அப்பதிப்பில் இருந்த குறைபாட்டின் வழியே. புதிய விண்டோஸ் அதை இயல்பாக அனுமதிப்பதில்லை. பழைய பெட்டிக்காக மீண்டும் இயக்குவது கணினியையே பலவீனமாக்கும். சில கருவிகளில், மை புக் லைவ் உட்பட, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்சை நிறுவலாம். பாஸ் காட்டிய அதே வழி. ஆனால் தரவை வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே அதில் இறங்க வேண்டும்.

அந்த நகலைப் பெட்டி ஓடும்போதே எடுப்பது நல்லது. மை புக் லைவ் தன் வன்தட்டை வழக்கத்திற்கு மாறான 64 கிலோபைட் தொகுதி அளவில் வடிவமைத்திருந்தது. பெட்டி பழுதானபின் அந்த வட்டைக் கழற்றிச் சாதாரண லினக்சுக் கணினியில் மாட்டியவர்களாலும் நேரடியாகத் திறக்க முடியவில்லை.