பயிர்க்கழிவு எரிவாயு

நெல் வைக்கோல், கரும்புச் சோகை, சோளத்தட்டை போன்றவற்றைக் காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்க் கூட்டங்களைக் கொண்டு சிதைத்துப் பெறும் எரிபொருள். இதில் பெரும்பங்கு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

1776இல் இத்தாலிய அறிஞர் அலெசான்ட்ரோ வோல்டா, மஜோரே ஏரிச் சேற்றைக் கம்பால் கிளறி, எழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து எரித்துப் பார்த்தார். அவற்றை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் எனத் தெளிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதன்பின்னும் தேடியவர்கள் ஒற்றை உயிரியையே தேடினார்கள். எத்தனாலை மீத்தேனாக்கும் ‘மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கி’ அப்படிக் கிடைத்த ஒன்றாக நெடுங்காலம் கருதப்பட்டது. 1967இல் பிரையன்ட், வோலின், வுல்ஃப் குழுவினர் அதை ஆராய்ந்தபோது, உள்ளே இருந்தவை இரண்டு உயிரிகள். ஒன்று எத்தனாலைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியேற்றியது. மற்றது அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கியது. ஹைட்ரஜன் தேங்கினால் முதலாவதன் வளர்ச்சி தடைப்பட்டது. இத்துறையின் மெய்யான தொடக்கம் இக்கண்டுபிடிப்புதான் எனலாம். பத்தாண்டு கழித்து, மீத்தேன் ஆக்கும் உயிரிகள் பாக்டீரியாக்களே அல்ல, தனிக் குலம் என்று கார்ல் வோஸ் காட்டினார்.

கலனுக்குள் வேலை கைமாறிக்கொண்டே போகும். ஒரு கூட்டம் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும். அடுத்தது சர்க்கரையை அமிலமாக்கும். வேறொன்று அதை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கும். கடைசிக் கூட்டம் மீத்தேனைத் தரும். தீனியை அளவுக்கு மீறிப் போட்டால் அமிலம் பெருகிக் கலன் புளித்துவிடும், வாயு நின்றுவிடும்.

இந்தியாவில் 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த மிதவைத் தொட்டியைக் காதி கிராமத் தொழில் ஆணையம் ஊர்தோறும் பரப்பியது. அது சாணத்துக்கானது, மாட்டின் வயிறு பாதி வேலையை ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருக்கும். வைக்கோலைப் போட்டாலோ அது மிதந்து மேலே கெட்டி ஏடாகப் படியும். அதிலுள்ள லிக்னினை நுண்ணுயிர்களால் எளிதில் தொட முடியாது, நைட்ரஜனும் போதாது. ஆகவே வைக்கோலைப் பொடியாக நறுக்குவதும் சாணத்தைச் சேர்ப்பதும் வழக்கமாயின.

பஞ்சாபின் லெஹ்ராகாகாவில் 2022இல் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலிலிருந்து 33 டன் அழுத்தப்பட்ட எரிவாயு எடுக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய வைக்கோலை அதற்குள் கட்டிச் சேர்த்தாக வேண்டும். இவ்வகை ஆலைகளுக்கு இன்று பெரிய தலைவலி அதுதான்.