சேட்டின் கழுத்தில் ஒரு நாட்டின் பெயர்

'மேட் இன் ஜேர்மனி' என்றால் எங்கட சனத்துக்குத் தனி மரியாதை. ஊருக்குக் கொண்டுபோகக் கத்தி வாங்கினாலும் திருப்பிப் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். ஆனால் அது மரியாதைக்காகப் பிறந்த எழுத்தல்ல.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மன் பொருட்களுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. 1876இல் பிலடெல்பியா உலகக் கண்காட்சிக்குப் போன பேராசிரியர் பிரான்ஸ் ரூலோ, தன் நாட்டுப் பொருட்கள் மலிவானவை, மட்டமானவை என்றே எழுதினார். போதாததற்கு, சோலிங்கன் நகரத்துக் கத்திகள் சில ஷெஃபீல்ட் என்ற ஆங்கில முத்திரையோடு விற்பனைக்கு வந்தன. பொறுக்காத பிரித்தானியா 1887 ஓகஸ்ட் 23 அன்று வணிகக் குறிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரித்தானியத் தயாரிப்பென்று மயங்க வைக்கும் பெயரோ குறியோ உள்ள அந்நியப் பொருளில், அது செய்யப்பட்ட நாட்டையும் சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

நடந்ததோ வேறு. ஜேர்மன்காரர் தரத்தை உயர்த்தினார்கள். பொருள் பிடித்துப்போன ஆங்கிலேயருக்கு, அடுத்த தடவை எதைக் கேட்டு வாங்க வேண்டுமென்று அந்த எழுத்தே காட்டிக் கொடுத்தது. 10 வருடம் ஆகுமுன், 1896இல், எர்னெஸ்ட் வில்லியம்ஸ் அதே சொற்களைத் தலைப்பாக வைத்து, ஜேர்மன் போட்டியைப் பற்றி எச்சரித்துப் புத்தகமே எழுதினார்.

இங்கே ரீ-சேட் அச்சடிக்கும் சிறிய பட்டறையொன்றில் வேலை செய்த காலத்தில் இந்த வரலாறு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். வெறும் சேட்டுகள் பெட்டி பெட்டியாக வரும். கழுத்துப் பட்டியின் தையலைத் துணி கிழியாமல் பிரித்தெடுத்து, வாடிக்கையாளரின் பெயர் நெய்த பட்டியைத் தைப்போம். அல்லது கழுத்தின் உட்புறத்தில் சூடாக்கி அழுத்தும் மெசினால் பெயரைப் பதிப்போம். இழுத்தவுடன் கழன்றுவரும் பட்டியோடு, இதற்கென்றே தைத்த சேட்டுகளும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பருத்தி எத்தனை வீதம், பொலியெஸ்டர் எத்தனை வீதம் என்று சொல்லியே ஆகவேண்டும். எந்த நாட்டில் தைத்தது என்று சொல்லும் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் அப்படியல்ல; பட்டியை மாற்றினாலும் நாட்டின் பெயர் சேட்டில் இருந்தாக வேண்டும்.

நாங்கள் பிரித்தெறிந்த பட்டிகளுக்குள் 'மேட் இன் ஸ்ரீலங்கா'வும் கிடக்கும். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே தைத்தவர்களில் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். போருக்குப் பிறகு வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. இப்போது எங்கட பிள்ளைகளும் தைக்கிறார்கள்.

அந்த நாட்டின் பெயரில் எனக்கு எவ்வளவு பாசம் என்பது வேறு கதை. ஆனால் தைத்தவள் எங்கே இருக்கிறாள் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதை வெட்டிவிட்டால், சேட் கடையிலேயே முளைத்தது போலாகிவிடும். ஐரோப்பாவிலும் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. குடியுரிமை எடுத்தாலும் ஜேர்மன் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் எழுதியே இருக்கும். இருக்கட்டும். 1887க்குப் பிறகு பெயரெடுத்தவர்கள் ஊரை மறைத்தவர்கள் அல்லவே!