கரி அள்ளிய கைக்கு டிரைவர் சீட் ஏன் இல்லை?

பழைய நீராவி எஞ்சின் இன்று நமக்கு செல்ஃபி எடுக்கிற பொருள். திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்களில் பளபளவென்று பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்த ஆண்டு செய்தது, எந்தக் கம்பெனி செய்தது என்று தெரிந்துகொள்கிறோம். அதன் அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர் யார், அவர் ஏன் ஓய்வு பெறும்வரை கரியே அள்ளினார் என்று நாம் கேட்பதில்லை.

தோழர்களே, அந்தக் கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுபோன ஒரு தொழிலாளியின் வரலாறு இது. நடந்த இடம் அமெரிக்கா. ஆனாலும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் இருக்கிற நாம்தான் இதை முதலில் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லூயிவில் அண்டு நாஷ்வில் என்றொரு ரயில் கம்பெனி இருந்தது. 1850-ல் தொடங்கப்பட்டது. 1905-ல் அதற்காகச் செய்யப்பட்ட 152-ஆம் எண் எஞ்சினைக் கென்டக்கி மாநிலத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ எஞ்சின் என்ற பெருமையும் அதற்கு உண்டு. எஞ்சினுக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதுபோன்ற எஞ்சின்களில் வெந்த மனிதர்களுக்குக் கிடைத்ததா?

நீராவி எஞ்சினில் இரண்டு பேர் வேலை. ஒருவர் டிரைவர். இன்னொருவர் ஃபயர்மேன். கரி அள்ளிப் போடுவது மட்டும் ஃபயர்மேன் வேலை இல்லை. ஏற்றம் வருமுன் நீராவியைத் தயாராக வைக்க வேண்டும். பாய்லரில் தண்ணீர் மட்டம் குறையாமல் பார்க்க வேண்டும். குறைந்தால் பாய்லர் வெடிக்கும், இருவரும் சாவார்கள். சில வருடம் ஃபயர்மேனாக இருந்தவருக்கு எஞ்சினின் நாடி தெரியும். அதனால்தான் ஃபயர்மேன் டிரைவராக உயர்வது உலகம் முழுக்க இருந்த வழக்கம்.

அந்த வழக்கம் கறுப்பருக்கு மட்டும் பொருந்தவில்லை. அடுப்புச் சூடும் கரித்தூளும் வெள்ளையருக்கு வேண்டாததாக இருந்ததால் தென் மாநிலங்களில் கறுப்பரை ஃபயர்மேன் ஆக்கினார்கள். டிரைவர் சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. கறுப்பரிடம் வேலை பழகிய வெள்ளைக்கார இளைஞன் டிரைவராகிப் போய்விடுவான். பழக்கியவர் மண்வெட்டியோடு அங்கேயே நிற்பார்.

பிறகு அடுப்புக்குத் தானாகவே கரி தள்ளும் இயந்திரம் வந்தது. வேலை கொஞ்சம் சுத்தமானது, கொஞ்சம் எளிதானது. 1930-களின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. நேற்றுவரை அழுக்கு வேலை என்று ஒதுக்கியவர்களுக்கு இன்று அதே வேலை வேண்டும். மிஸிஸிப்பியில் கறுப்பின ஃபயர்மேன்கள் பலரை ஒளிந்திருந்து சுட்டே கொன்றார்கள், அந்த இடம் காலியாக வேண்டும் என்பதற்காக.

துப்பாக்கி செய்ததைத் தொழிற்சங்கம் காகிதத்தில் செய்தது. ஃபயர்மேன்களின் சங்கத்தில் கறுப்பர் உறுப்பினராக முடியாது. ஆனால் சட்டப்படி அந்தச் சங்கம்தான் எல்லா ஃபயர்மேன்களுக்கும் பிரதிநிதி. 1941 பிப்ரவரியில் அது கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: கறுப்பின ஃபயர்மேன்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த அளவுக்குக் குறையும்வரை காலியாகும் இடமெல்லாம் வெள்ளையருக்கே.

அலபாமாவில் வேலை பார்த்த பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் இதில் அடிபட்டார். பயணிகள் ரயிலில் நல்ல ஓட்டத்தில் இருந்தவர். அவரைவிடப் பணிமூப்பு குறைந்த வெள்ளையரை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். 16 நாள் வேலை இல்லை. அப்புறம் கொடுத்தது சரக்கு ரயில்: வேலை அதிகம், கூலி குறைவு.

ஸ்டீல் வழக்குப் போட்டார். வாதாடியவர் கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். அலபாமா நீதிமன்றங்கள் கைவிட்டன. 1944 டிசம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எல்லோருக்கும் பிரதிநிதி என்று சட்டம் ஒரு சங்கத்தை ஏற்றால், உறுப்பினர் அல்லாதவருக்கும் அது பாகுபாடின்றி உழைக்க வேண்டும். பெரிய வெற்றிதான். ஆனால் கறுப்பரை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கதவு பாதிதான் திறந்தது.

இங்கே என்ன நடந்தது? 1927-ல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு மீட்டர் கேஜ் பாதை திறந்தது. அந்தப் பாதை சேர்ந்திருந்த தென்னிந்திய ரயில்வேயின் உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம். பெரியாரும் அவரது இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்து, 1941-ல்தான் அது ஒழிந்தது. ஓடுகிற வண்டி ஒன்று, சாப்பிடுகிற இடம் வேறு.

வேலையில்? 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். தீண்டப்படாதவர் வாழ்நாள் முழுக்க கேங்மேன். தண்டவாளத்தோடு அவர் கதை முடிந்தது. போர்ட்டர் வேலைகூட எளிதில் கிடைக்காது, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வீட்டுக்குள் தீட்டு. பணிமனையில் கலாசி, ஃபோர்மேன் ஆகும் வாய்ப்பே இல்லை. தொழிலாளியின் எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்று அவர் அறிவித்தது இந்த மேடையில்தான். சக தொழிலாளியை மிதிக்கிற தொழிலாளியையும் அவர் விட்டு வைக்கவில்லை.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் வேலையை அடுக்குகிற கணக்கு ஒன்றேதான். சூடும் தூசும் சாவும் கீழே இருப்பவருக்கு. சீட்டும் பெயரும் மேலே இருப்பவருக்கு. வேலை சுத்தமானால் கீழே இருப்பவர் வெளியே.

இப்போது நம் பட்டாசு ஆலையைப் பாருங்கள். மருந்து கலக்குகிற அறையும் மருந்து அடைக்கிற அறையும்தான் உயிருக்கு ஆபத்தான இடங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை செத்தார்கள். அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் இத்தனை பேர் என்று எண்ணுகிறோம். மருந்து அறையில் யார், ஃபோர்மேன் யார், லைசென்ஸ் யார் பெயரில் என்று எண்ணுவதில்லை.

ஸ்டீல் கையில் இருந்த ஆயுதம் ஒரு பட்டியல். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், யாரைத் தாண்டி யாரை ஏற்றினார்கள் என்ற பணிமூப்புப் பட்டியல். அது இல்லாமல் ஹூஸ்டனின் வாதத் திறமை மட்டும் வென்றிருக்காது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகிற தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் மருந்து அறைக்குப் போகிறவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை வருடமாகப் போகிறார், அதே அறையில்தானா, அவருக்குப் பின்னால் வந்து மேலே போனவர் யார்? நோட்டுப் போட்டு எழுதுங்கள். நாளை அங்கே இயந்திரம் வரும். அது வருமுன் நம் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.