பள்ளிக்கு வந்த கருவிகளும் அவற்றை நடத்தியவர்களும்

சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஒரு விடுதிப் பள்ளி நடைபெறத் தொடங்கியது. அதனை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றவர் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியாரான ஆண்ட்ரூ பெல் என்பவர். அவர் ஒருநாள் காலையில் குதிரை மீதேறிச் செல்லும்போது, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத இந்த முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் பள்ளியிலும் கீழ் வகுப்பிற்கு இவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியரிடம் சொன்னார். அது நடவாத காரியம் என்றார் அந்த ஆசிரியர். பெல் அப்பணியை ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியருக்கு நடவாத காரியம் அந்தச் சிறுவனுக்கு எளிதில் நடந்தது.

பிற்பாடு பெல் இங்கிலாந்து திரும்பி, 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அந்நாட்டில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தானே, அவன் கடல் கடந்து சென்ற கதை இது. மணலும் நம்முடையது, சட்டாம்பிள்ளையும் நம்முடையவன். புகழ் மட்டும் வேறிடம் போயிற்று!

அஃது இருக்கட்டும். இந்த நிகழ்ச்சியில் நாம் காண வேண்டுவது வேறொன்று. மணல் ஒன்றே. அதே பள்ளி, அதே பிள்ளைகள். ஒருவர் கையில் பயனற்றிருந்த கருவி மற்றொருவர் கையில் உயிர் பெற்றது. அந்தக் கையைத் தேடிக் கண்டு பொறுப்பை ஒப்படைத்தவர் ஒரு தலைவர். இந்தியப் பள்ளிகளுக்குப் புதிய கருவி வந்த ஒவ்வொரு காலத்திலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. கருவி கிடைப்பது பெரிதாக இல்லை. அதனை நடத்தும் தலைமை எங்கிருந்து கிடைக்கும் என்பதே கேள்வி.

வானொலி பள்ளிக்கு வந்தது 1930களின் இறுதியில். பெருநகரங்களின் நிலையங்கள் பள்ளி ஒலிபரப்புகளைத் தொடங்கின. பெட்டி வாங்கிய பள்ளிகள் குறைவு. வாங்கியவற்றிலும் பாடவேளையோடு ஒலிபரப்பைப் பொருத்திக்கொண்டவை இன்னும் குறைவு. ஆயினும் காதால் கேட்பதோடு நின்றுவிட்ட அந்தக் கருவி பள்ளியின் ஒழுங்கை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவு செய்தது தொலைக்காட்சி.

டில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு டில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பாட ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. தலைநகரில் அக்காலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தமிழ்க் குடும்பத்தினர் சிலருக்கு இது நினைவிருக்கலாம். அப்போது நகரம் விரைவாகப் பெருகிக்கொண்டிருந்தது. பள்ளிகள் பெருகிய அளவுக்கு விஞ்ஞான ஆசிரியர் கிடைக்கவில்லை, சோதனைச் சாலைகளும் இல்லை. ஒரு தேர்ந்த ஆசிரியர் ஒளிபரப்பு நிலையத்தில் நின்று செய்து காட்டும் சோதனையை நூற்றுக்கணக்கான வகுப்புகள் ஒரே வேளையில் காணலாம் என்பது திட்டத்தின் கருத்து. பௌதிகமும் இரசாயனமும் முதலிடம் பெற்றன.

கருத்து நன்று. ஆனால் அது பள்ளித் தலைமையாசிரியரிடம் எதைக் கேட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஒளிபரப்பு எவருக்காகவும் காத்திராது. பத்தரை மணிக்குப் பாடம் என்றால் பத்தரை மணிக்கு அந்த வகுப்பு பெட்டியின் முன் அமர்ந்திருக்க வேண்டும். அதற்காகக் கணக்கு ஆசிரியரின் நேரத்தை மாற்ற வேண்டும். ஒரு வகுப்பில் நான்கு பிரிவு இருந்தால் எந்தப் பிரிவு பார்ப்பது, எது விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். திரைப் பாடத்திற்கு முன் வகுப்பாசிரியர் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும். பின்னர் ஐயம் தெளிவிக்க வேண்டும். இதற்கென முன்கூட்டியே குறிப்பேடுகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் படித்து வகுப்பை நடத்திய ஆசிரியர் ஒரு வகை. 'இன்று பெட்டி பாடம் நடத்தும்' என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டவர் மற்றொரு வகை. பெட்டி இரு வகுப்பிலும் ஒன்றேதான். இரண்டாம் வகையினர் மீது மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. திரையில் தோன்றும் ஆசிரியர் தம்மைவிடச் சிறப்பாகச் செய்கிறார் என்று மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது எளிதன்று. அந்தச் சங்கடத்தைப் போக்கி, 'நீங்களும் அவரும் சேர்ந்து நடத்தும் பாடம் இது' என்று சொல்லத் தெரிந்த தலைமையாசிரியர் வேண்டியிருந்தது.

அத்தகையோரை உருவாக்க அந்நாளில் என்ன ஏற்பாடு இருந்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. நெடுநாள் பணியாற்றிய ஆசிரியர், வரிசை வந்ததும் தலைமையாசிரியர் ஆவார். நேற்று வரை பாடம் நடத்தியவர் இன்று முதல் பதிவேடுகளை நடத்துவார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இக்குறையை உணர்ந்திருந்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரே தொகுதியாக இணைத்து, கருவிகளையும் ஆசிரியர் திறனையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. காகிதத்தில் அழகாயிருந்த அந்த யோசனை நாட்டின் பெரும்பகுதியில் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

அடுத்து வந்தது மிகப் பெரிய முயற்சி. 1975 ஆகஸ்ட் முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை இறுதி வரை, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒன்றைக் கடனாகப் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழங்கப்பட்டது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்பவை அம்மாநிலங்கள். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அது நிறைவேறியபோது அவர் உயிருடன் இல்லை. பத்தடி அகலக் கம்பி வலைக் கிண்ணம் ஒன்று கூரையருகே நிற்கும். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறுவர்க்கு உரியது. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளும் அந்நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. மொழி ஒன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடம் கிடைத்தது. தமிழுக்கு இடமில்லை, தமிழ்நாடு அத்திட்டத்தில் சேரவில்லையாதலால்.

மின்விளக்கே காணாத சில ஊர்களில் பேட்டரியால் பெட்டி இயங்கியது. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே தரையில் அமர்ந்து பார்த்தனர். ஓராண்டு முடிவில் ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்ததையும் புதியவற்றை அறியும் ஆர்வம் கூடியதையும் கண்டார்கள். தேர்வு மதிப்பெண்ணில் அத்தகைய உயர்வு தென்படவில்லை. இதைக் கேட்டு, அவ்வளவு பணம் செலவழித்தும் மதிப்பெண் கூடவில்லையே என்று வருந்தியவர் உண்டு. என் கருத்து அதுவன்று. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை அளக்க அன்றைய தேர்வுத்தாளில் இடமில்லை, அவ்வளவே.

செயற்கைக்கோள் ஓராண்டில் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. பல ஊர்களில் பெட்டி மௌனமாயிற்று. ஆயினும் அந்த ஓராண்டில் நடந்த ஒரு காரியத்தைப் பலர் மறந்துவிட்டனர். 1975 அக்டோபரில் பன்னிரண்டு நாள், தொடக்கப்பள்ளி ஆசிரியர் சுமார் 24,000 பேருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சி தரப்பட்டது. அடுத்த கோடையில் மேலும் அத்தனை பேர் பயின்றனர். ஒரு கிராமத்துப் பெட்டியைச் சுற்றி ஏறத்தாழப் பத்து ஆசிரியர் அமர்வர். தொலைக்காட்சியில் ஒரு பகுதி, வானொலியில் ஒரு பகுதி, அச்சுப் புத்தகத்தில் ஒரு பகுதி. பிறகு அவர்களே கையால் செய்து பார்ப்பர். அவர்களுள் ஒருவரே முன்னின்று நடத்துவார். வெளியிலிருந்து அதிகாரி எவரும் வந்து அமரவில்லை. கூட இருப்பவனே வழிகாட்டுவது என்னும் எழும்பூர்ச் சட்டாம்பிள்ளை முறையை இங்கு மீண்டும் காண்கிறோம், இம்முறை ஆசிரியர்களிடையே. பெட்டி போன பிறகும் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பள்ளிகளில் இருந்தார்கள்.

1984இல் கணிப்பொறி வந்தது. மத்திய அரசின் திட்டம் ஒன்றின் கீழ் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு, பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. பின்னர் பள்ளிகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பாடநிரல்களுள் பெரும்பாலானவை இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் செய்யப்பட்டவை. அந்நாளில் வடநாட்டு நகரம் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். கணிப்பொறி அறை என்று ஒன்று ஒதுக்கப்பட்டது. குளிர்சாதனம் பொருத்தினார்கள். காலணியைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் துணி உறை தைக்கப்பட்டது. அறைச் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் இருந்தது. ஆண்டில் பாதி நாள் அது மேசையை விட்டு வெளிவரவில்லை.

அவர் நல்லவர், பிள்ளைகள் மீது அன்புடையவர். அவரிடம் ஒருமுறை துணிந்து காரணம் கேட்டேன். மேசையிலிருந்து இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். 'ஆய்வாளர் வந்தால் இதில் உள்ளபடி பொருள் இருக்கிறதா என்று கேட்பார். பிள்ளைகள் தொட்டார்களா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை' என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால், நாட்டின் பள்ளி நிர்வாகத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அதுவே என்று தோன்றுகிறது. பொருள் கெட்டால் அவர் பொறுப்பு. பிள்ளை கல்லாதிருந்தால் அவர் பொறுப்பில்லை. அத்தகைய ஏற்பாட்டில் பூட்டுவது அவருக்கு விவேகமாகவே பட்டது.

1999 ஜனவரியில் டில்லி கால்காஜிப் பகுதியில் சுகத மித்ரா என்னும் அறிஞர், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கணிப்பொறியை வைத்தார். ஆசிரியர் இல்லை, சாவியும் இல்லை. பிள்ளைகள் தாமே கூடித் தாமே பழகினர் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. பூட்டிய அறைக்கு இது நல்ல மறுமொழி. ஆனால் ஆசிரியரே வேண்டாம் என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டியதை என்னால் ஏற்க இயலவில்லை. விளையாடப் பழகுவது வேறு. எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்று அறிவது வேறு. பின்னதற்கு ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.

பூட்டையும் திறந்து ஆசிரியரையும் முன்னிறுத்திய முயற்சி கேரளத்தில் நடந்தது. அங்கே 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களைத் தேர்ந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை இதற்குப் பொறுப்பாளராக்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிப்பொறியில் அமர்ந்து செய்து காட்டும் செய்முறைத் தேர்வைச் சேர்த்தது. இந்த மூன்றாவதே பூட்டைத் திறந்தது. பிள்ளை தொட்டானா என்று கேட்க ஆள் வந்துவிட்டபின் சாவியை மேசையில் வைத்துக்கொள்ளும் துணிவு எந்தத் தலைமையாசிரியருக்கு வரும்? விலையில்லாத கட்டற்ற மென்பொருளை அவர்கள் தேர்ந்தெடுத்ததால், பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் ஆசிரியர்களே கற்றுக்கொண்டனர். கேரளத்தில் வாழும் தமிழர் ஒன்றை அறிவர். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அப்பாடநூல் தமிழிலும் கிடைக்கிறது.

2018இல் அதே மாநிலத்தில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் குழுக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அமைக்கப்பட்டன. கருவியைப் பேணுவது, அசைபடம் செய்வது, இணையத்தில் ஏமாறாதிருப்பது முதலியவற்றைப் பயின்று, அக்குழுவினர் மற்ற மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். ஃப்ரிஸ்கன் என்ற பெயரை அவர்களில் எவரும் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது ஐயமே.

தலைமையாசிரியரைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் காலம் தாழ்ந்தேனும் வந்திருக்கிறது. டில்லியில் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012இல் பள்ளித் தலைமைக்கென ஒரு தேசிய மையம் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஐம்பது மணி நேரம் பயில வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவியே பள்ளியாக மாறிற்று. எந்தப் பிள்ளையின் வீட்டில் கைப்பேசி இல்லை என்று ஆசிரியர்களை அனுப்பிக் கணக்கெடுத்த தலைமையாசிரியர்களும் இருந்தனர். ஆணை வரட்டும் என்று காத்திருந்தவர்களும் இருந்தனர். அந்த வேறுபாட்டைப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் தத்தம் வீட்டிலேயே கண்டிருப்பர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறிய பெற்றோர் இக்கூட்டங்களுக்குச் செல்லத் தயங்குவது இயல்பே. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கூட்டம் ஒன்றிற்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். கட்டட வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துத் தாய் ஒருவர், தமக்குத் தெரிந்த நான்கு இந்திச் சொற்களைக் கொண்டு, தம் மகள் கடைசியாகக் கணிப்பொறியில் அமர்ந்தது எந்த நாளில் என்று கேட்டார். தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். வாங்கிய தேதி இருந்தது, விலை இருந்தது. அந்த அம்மாள் கேட்டது அதில் இல்லை. எழுத்தர் ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதற்பக்கத்தில் மாணவர் பெயருக்கென ஒரு கட்டம் வரையத் தொடங்கினார்.