நாலந்தா: தோட்டக் குடியேற்ற கால வடபாதை

நாலந்தா இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், ஏ-9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே உள்ள ஊர். வடக்கேயிருந்து வருபவருக்கு வறண்ட சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் இது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தன் படைத்தளங்களுள் ஒன்றாக இவ்வூரை வைத்திருந்ததை மகாவம்சம் கூறுகிறது. இன்று பயணிகள் இங்கே இறங்குவது ‘கெடிகே’ என்னும் கற்கோயிலைப் பார்க்க. ஆனால் அவர்கள் வந்த வீதிக்கும் ஒரு வரலாறு உண்டு. மலையகத்தில் ஆங்கிலேயர் அமைத்த முதல் தோட்டங்களுக்குத் தமிழகத்து ஆட்கள் நடந்து வந்த வடபாதை அதுதான்.

ஆங்கிலேயர் மாத்தளைக்கு முதலில் வந்தது துப்பாக்கியோடு. 1803இல் கண்டியைப் பிடிக்க முயன்றபோது மாத்தளையில் மக்டொவல் கோட்டையை அமைத்தனர். அவ்வாண்டே அதைக் கைவிட்டு ஓடவும் நேர்ந்தது. அதன் வாயில் மட்டும் இன்று நகரின் மயானத்தில் நிற்கிறது. 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தத்தின் மூலம் மலைநாடு அவர்கள் கைக்கு வந்தது. அடுத்து வந்தவை வீதிகளும் கோப்பியும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வீதிகளைத் திறக்க முனைந்தார்; தோமஸ் ஸ்கின்னர் போன்றவர்கள் காட்டை வெட்டி அவற்றை அமைத்தனர். ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கினார். ஆளுநரே கன்னொறுவையில் ஒரு தோட்டம் போட்டார் என்பது அக்கால அரசாங்கத்தின் இயல்பைச் சொல்லப் போதும். 1835இல் இலங்கைக் கோப்பிக்கான பிரித்தானியத் தீர்வை மேற்கிந்தியக் கோப்பியின் தீர்வைக்குச் சமமாக்கப்பட்டது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமையாகக் கொண்டது. அந்நிலங்கள் ஏக்கர் கணக்கில் மலிவாக விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள்.

நிலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சிங்களக் கிராமத்தவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சமும் கடனும் சாதியும் நெருக்கிய குடும்பங்களுக்குக் கங்காணிகள் எனப்பட்ட ஆள்திரட்டுவோர் முன்பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் தோட்டத்தில் இறங்குமுன்பே கடனாக ஏறியிருக்கும். தோணியில் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். தண்ணீர் அரிது, குளங்கள் வற்றிய காலத்தில் சேறு கலந்ததைக் குடித்தார்கள். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் என்பன கூட்டங்களோடு சேர்ந்தே நடந்தன. நடக்க முடியாதவர்கள் வழியில் விடப்பட்டதும் உண்டு.

1840களில் இவ்வழியில் 70,000 பேர் இறந்தனர் என்ற கணக்கு 1849ஆம் ஆண்டின் கொழும்புப் பத்திரிகையொன்றிலிருந்து இன்றுவரை புழங்குகிறது. அதை அப்படியே ஏற்க முடியுமா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வந்தவர்களையும் திரும்பியவர்களையும் சரியாகப் பதியாத ஆட்சியில் இறந்தவர்களை எண்ணுவது கடினம்தான். எண்ணிக்கை தெரியாது என்பதற்காகச் சாவு சிறிதாகிவிடாது. 1858இல் குடியேற்றத் தொழிலாளருக்கான ஆணைக்குழு சட்டத்தால் அமைக்கப்பட்ட பிறகே பாதையோரக் கொட்டகைகளிலும் குடிநீரிலும் ஒழுங்கான கவனம் விழுந்தது.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள் பெரும்பாலானோர். எனவே நாலந்தா வழியே ஆண்டுதோறும் இரு திசையிலும் ஆள் நடந்தது. திரும்புபவர் மடியில் சம்பளப் பணம் இருந்ததால் கள்வர் பயமும் இருந்தது. 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து கேட்கும் பயிர். குடும்பமாக வந்தவர்கள் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள். திரும்பும் பாதையாக இருந்தது ஒருவழிப் பாதையாயிற்று. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறக்கப்பட்டபோது நடைப்பயணத்தின் தேவை முற்றாக ஒழிந்தது.

இதே வீதி ஒரு கிளர்ச்சியையும் தாங்கியிருக்கிறது. புதிய வரிகளுக்கு எதிராக 1848 ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்கலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். இரண்டு நாட்களில் கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். ஆகஸ்ட் 8இல் கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். காணியை இழந்த சிங்களவரும் அக்காணியில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழரும் ஒரே பாதையில், ஒரே காலத்தில் நடந்தார்கள் என்பதைப் பாடநூல்கள் இரண்டு தனிப் பாடங்களாகவே சொல்லித் தருகின்றன.

குடியேற்றத்தின் நினைவை எப்படிக் காப்பது? அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் 1607ஆம் ஆண்டின் ஆங்கிலக் குடியேற்றத்தைக் கோட்டையும் கப்பலும் கட்டி, பழங்கால உடையணிந்தவர்களைக் கொண்டு பார்வையாளருக்குக் காட்டுகிறார்கள். நாலந்தாவில் அப்படியொன்றும் இல்லை. ஆனால் பழமையைப் பெயர்த்து வைக்கும் கலை இங்கே தெரியாததல்ல. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த கெடிகேயை 1970களின் நடுவிலிருந்து கல் கல்லாகக் கழற்றி, கரையோரத்தில் மறுபடி எழுப்பினார்கள். 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையே காலம் கணிக்கப்படும் இக்கோயில் பல்லவச் சாயலில் அமைந்தது. பௌத்தர்களுக்கும் உரியதாக இருந்தது. கடல் கடந்து வந்த தென்னகத்துச் சிற்பச் சாயலுக்கு மதிப்புக் கொடுத்த நாடு, அதே கடலைக் கடந்து வந்த கூலிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்கள் வழிவந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

வடபாதையின் நினைவு வேறு இடங்களில் காக்கப்படுகிறது. நடந்து வந்தவர்கள் கும்பிட்ட மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசித் தேர் ஓடுகிறது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயமொன்று 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டை முன்னிட்டு ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற கூட்டமைப்பு ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் வந்த திசையில் நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. வழியில் இவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருந்தனர். காணி, வீடு, நியாயமான சம்பளம், வரலாற்றுக்கான அங்கீகாரம் என்பன நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் சில.