முகப்பும் மறுமுகப்பும்: விதான சௌதாவைச் சூழ்ந்த சர்ச்சையின் வரலாறு

பெங்களூரின் கப்பன் பூங்காவை ஒட்டி, இன்று அம்பேத்கர் வீதி எனப்படும் சாலையின் இருபுறமும் நிற்கும் இரண்டு கட்டடங்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளியில் எழுந்தவை. கிழக்கே இருப்பது சிவப்பு வண்ணம் பூசிய அட்டாரா கச்சேரி. மேற்கே இருப்பது கருங்கல்லால் ஆன விதான சௌதா. கர்நாடகத்தின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் இந்தப் பின்னைய கட்டடம் இன்று மாநிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டதால், அது எழுந்த காலத்தில் எத்தனை கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது என்பதும், அதைக் கட்டுவித்தவரின் பதவி பறிபோனதில் அந்த எதிர்ப்புக்கும் பங்கு இருந்தது என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன. பழைய நகரம் ஒன்றின் நடுவே புதிய முகப்பு எழும்போது மக்கள் ஏன் கொதிக்கிறார்கள், பின்னர் எப்படி அதையே தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்வோருக்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியாவில் அரிது.

சர்ச்சையின் வேர் முதல் கட்டடத்தில் இருக்கிறது. மைசூர் அரசை ஆங்கிலேயர் தம் ஆணையர்கள் வழியாக நேரடியாக ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அரசு அலுவலகங்கள் கோட்டைப் பகுதியில் உள்ள திப்பு சுல்தானின் மரத்தூண் அரண்மனையில் நெருக்கியடித்துக்கொண்டு இயங்கின. ஆணையர் லெவின் பௌரிங் காலத்தில் புதிய அலுவலகம் கட்ட முடிவாகி, 1864இல் தொடங்கிய பணி 1868இல் நிறைவுற்றது. அதன் வடிவமைப்போடு தொடர்புடையவர் ரிச்சர்ட் சாங்கி என்னும் பொறியாளர். நகரின் சாங்கி ஏரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒப்பந்தம் எடுத்துக் கட்டி முடித்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழர். படைமுகாம் இருந்த தண்டுப் பகுதியில் பள்ளிகள் நிறுவியவரும் அவரே. உருதுவில் பதினெட்டு என்ற எண்ணுக்குரிய சொல்லைக் கொண்டு, பதினெட்டுத் துறைகள் ஒரே கூரையின் கீழ் அமைந்த அலுவலகம் என்ற பொருளில், மக்கள் அதை அட்டாரா கச்சேரி என்று அழைத்தனர்.

அதன் முகப்பு முழுக்க முழுக்க ஐரோப்பியச் செவ்வியல் பாணியைச் சேர்ந்தது. நீண்டு செல்லும் இரண்டு தளங்கள், வரிசையாக நிற்கும் ஐயோனியத் தூண்கள் (தலைப்பகுதியில் இருபுறமும் சுருள் போன்ற அமைப்பு உடைய கிரேக்கத் தூண் வகை), வாயில் மண்டபங்களின் மேல் முக்கோண வடிவ நெற்றி ஆகியவை ஆட்சி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் உணர்த்தின. உள்ளூர்க் கைகள் கட்டிய அந்த முகப்பில் உள்ளூர்க் கட்டடக்கலையின் சாயல் சிறிதும் இல்லை என்பதில் அன்றைய அதிகாரிகளுக்குக் குறையேதும் தோன்றியிருக்காது. குறை தோன்றியவர்கள் அடுத்த நூற்றாண்டில்தான் அதிகாரத்துக்கு வந்தார்கள்.

விடுதலைக்குப் பின் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அமைந்ததும், சட்டமன்றத்துக்கென்று தனிக் கட்டடம் தேவைப்பட்டது. முதலமைச்சர் கே. சி. ரெட்டியின் காலத்தில், 1951 ஜூலை 13 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது திட்டமிடப்பட்டது எளிமையான ஒரு கட்டடமே. 1952இல் முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா அத்திட்டத்தை ஏறக்குறைய முழுமையாக மாற்றினார். நகருக்கு வந்த ரஷ்யக் கலைக்குழு ஒன்று, உங்களுக்கென்று சொந்தக் கட்டடக்கலை இல்லையா, எல்லாம் ஐரோப்பியக் கட்டடங்களாகவே இருக்கின்றனவே என்று கேட்டதாகவும், அந்தக் கேள்வி தைத்ததால்தான் அவர் திட்டத்தை மாற்றினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, சாலைக்கு அப்பால் அட்டாரா கச்சேரி நின்றுகொண்டிருந்தபோது அப்படியொரு கேள்வியை எழுப்ப வெளிநாட்டிலிருந்து எவரும் வந்தாக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

இந்த மாற்றத்தின் துணிவை உணர, அப்போது பெங்களூருக்கு வேறு வழிகளும் திறந்திருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1939 முதல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். அலங்காரத்தைத் தவிர்த்து, வெயிலையும் காற்றையும் கணக்கிட்டு வடிவம் அமைக்கும் நவீனப் பாணியில் இந்திய அறிவியல் கழக வளாகத்துக்கு அவர் கட்டடங்கள் தந்திருந்தார். 1950களின் தொடக்கத்திலேயே பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகருக்கு லெ கொர்பூசியே அழைக்கப்பட்டார். அங்கே சட்டமன்றமும் நீதிமன்றமும் மேற்பூச்சற்ற கான்கிரீட்டில் எழுந்தன. சண்டிகர் எதிர்காலத்தின் பக்கம் திரும்பிய அதே ஆண்டுகளில், பெங்களூரில் அரசுக் கட்டடக் கலைஞர் பி. ஆர். மாணிக்கம், முதலமைச்சரின் விருப்பப்படி, கோயில்களையும் அரண்மனைகளையும் நினைவூட்டும் முகப்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்.

அந்த முகப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். ஏறத்தாழ 700 அடி நீளமும் 350 அடி அகலமும் கொண்ட அந்தக் கட்டடத்தின் கிழக்கு வாயிலுக்கு, 200 அடிக்கு மேல் அகலமுள்ள 45 படிகள் இட்டுச் செல்கின்றன. படிகளின் உச்சியில் 40 அடி உயரக் கருங்கல் தூண்கள் பன்னிரண்டு நிற்கின்றன. அவற்றின் தலைப்பில் போதிகையை, அதாவது தூணுக்கும் மேல் உத்திரத்துக்கும் இடையே பாரம் தாங்கும் செதுக்குக் கல்லை, ஒத்த அமைப்புகள் தெரிகின்றன. சுவர்களுக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கொடுங்கையை நினைவுபடுத்துகிறது. மேலே 60 அடி விட்டமுள்ள நடுக் குவிமாடம், அதன் உச்சியில் அசோகரின் சிங்கச் சின்னம், மூலைகளில் சிறு குவிமாடங்கள். உள்ளே அமைச்சரவை அறையின் கதவு சந்தன மரத்தால் ஆனது. பெங்களூர்க் கருங்கல்லோடு மாகடியின் இளஞ்சிவப்புக் கல்லும் துருவேகெரேயின் கறுப்புக் கல்லும் அலங்காரத்துக்குப் பயன்பட்டன. அறிஞர்கள் இதைப் புதுத்திராவிடப் பாணி என்று வகைப்படுத்துகிறார்கள். தென்னிந்தியக் கோயில் உறுப்புகளை நவீன அலுவலகக் கட்டடத்தின் மீது பொருத்தும் முறை என்று அதற்கு விளக்கம் தரலாம். ஆயினும் குவிமாடங்களிலும் மாடங்களிலும் வடநாட்டு, முகலாய, ராஜஸ்தானியச் சாயல்களும் கலந்திருப்பதால், அந்தப் பெயர் பாதியளவே பொருந்துகிறது. வாயிலின் நெற்றியில் அரசின் பணி இறைவன் பணி என்று பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது.

வேலையில் ஈடுபட்ட சாதாரணத் தொழிலாளர்கள் 5000 பேர் என்றும், அவர்களில் பலர் சிறைக்கைதிகள் என்றும், கல்தச்சர், கொத்தனார், மரச்சிற்பிகள் ஆகியோர் 1500 பேர் என்றும் கணக்குக் கூறப்படுகிறது. கோயில் திருப்பணி அருகிவிட்ட காலத்தில் இத்தனை கல்தச்சர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை தந்த வேறு அரசுப் பணி மைசூர் மாநிலத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. இந்தக் கட்டடத்தைப் பற்றிய விவாதங்களில் இந்தத் தரப்பு மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

எதிர்ப்பு இரண்டு முனைகளிலிருந்து வந்தது. முதலாவது செலவு பற்றியது. 1956இல் கட்டி முடிக்கும்போது செலவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாயை எட்டியிருந்தது. உணவுப் பற்றாக்குறையின் நினைவு இன்னும் மங்காத ஒரு நாட்டில், பள்ளிக்கூடமும் பாசன வாய்க்காலும் காத்திருக்கும்போது சந்தனக் கதவு எதற்கு என்ற கேள்வியை ஆடம்பரத்தின் மீதான பொறாமை என்று தள்ளிவிட முடியாது. திட்டம் இடையில் மாறியது, மாறியபடியே செலவும் வளர்ந்தது. இது குறித்து விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1957இல் வெளியானது. இரண்டாவது எதிர்ப்பு பாணி பற்றியது. தில்லியில் 1956இல் எழுந்த அசோகா ஓட்டலும் விஞ்ஞான் பவனும் பழமையின் உறுப்புகளை ஒட்டவைத்த கட்டடங்கள் என்று நவீனக் கட்டடக் கலைஞர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. விதான சௌதாவும் அதே வரிசையில் வைத்துப் பேசப்பட்டது. 1959இல் லலித் கலா அகாதெமி தில்லியில் நடத்திய கட்டடக்கலைக் கருத்தரங்கில், சுதந்திர இந்தியாவுக்கென்று தேசியப் பாணி ஒன்று வேண்டுமா என்பதே மையக் கேள்வியாக இருந்தது.

இவ்விரு முனைகளில் முதலாவதில் நியாயம் அதிகம். இரண்டாவதில் அறிஞர்களின் தொழில் வெறுப்பும் கலந்திருந்தது. மேலைநாட்டுத் தூண்களைப் பிரதி எடுத்தால் செவ்வியல், உள்நாட்டுத் தூண்களைப் பிரதி எடுத்தால் பழமைவாதம் என்ற அளவுகோல் சமனானது அல்ல.

அரசியலில் ஹனுமந்தையாவுக்கு எதிரானவர்கள் செலவைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். கன்னடம் பேசும் பகுதிகளை ஒன்றிணைப்பதை அவர் ஆதரித்தது அவர் சார்ந்த வட்டாரத்திலேயே பலருக்கு உவப்பாக இருக்கவில்லை. கட்சிக்குள் பிளவுகளும் இருந்தன. 1956 ஆகஸ்டில் அவர் பதவி விலக நேர்ந்தது. நவம்பர் 1 அன்று விரிவாக்கப்பட்ட மைசூர் மாநிலம் பிறந்தபோது முதலமைச்சராக இருந்தவர் எஸ். நிஜலிங்கப்பா. தாம் கட்டுவித்த மாளிகையில் முதலமைச்சராக அமர்ந்து ஆளும் வாய்ப்பு ஹனுமந்தையாவுக்குக் கிட்டவில்லை. வீண் செலவு செய்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே மனிதர், பின்னர் இந்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

முதற்சினம் தணிந்ததற்கு மாநில ஒருங்கிணைப்பே முதன்மைக் காரணமாக இருந்திருக்க வேண்டும். பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களிலிருந்தும் குடகிலிருந்தும் வந்து சேர்ந்த பகுதிகளுக்கு, மைசூர் மன்னரின் அரண்மனை பொதுச் சின்னமாக இருக்க இயலாது. ஆங்கிலேயரின் கச்சேரியும் இயலாது. எந்த மன்னருக்கும் உரியதல்லாத புதிய மாளிகை அந்த இடத்தை நிரப்பியது. பெங்களூரின் வரலாற்றை எழுதிய ஜானகி நாயர் போன்ற ஆய்வாளர்கள் இக்கட்டடத்தை அரசியல் வரலாற்றின் பகுதியாகவே வாசிக்கிறார்கள். வாயில் நெற்றி வாசகத்தைச் சுட்டிக்காட்டி ஊழலை எள்ளும் வழக்கம் மட்டும் மக்களிடம் நிலைத்துவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு சென்னையில் உண்டு. ஓமந்தூரார் வளாகத்தில் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் எழுந்த புதிய தலைமைச் செயலகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டபோது குவிமாடம் முற்றுப்பெறாததால், திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியின் கைவண்ணத்தில் தற்காலிகக் குவிமாடம் பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அக்கட்டடம் பல்துறை உயர் சிறப்பு மருத்துவமனையானது. பெங்களூரில் கட்டியவர் வீழ்ந்தும் கட்டடம் தன் பணியில் நிலைத்தது. சென்னையில் அந்தப் பொறுமை காட்டப்படவில்லை.

விதான சௌதா நிலைபெற்ற பிறகு, ஆபத்து எதிர்ப்பக்கம் இருந்த கட்டடத்துக்கு வந்தது. அட்டாரா கச்சேரியிலிருந்து செயலகம் வெளியேறிய பின் அங்கே உயர் நீதிமன்றம் இயங்கிவந்தது. 1980களின் தொடக்கத்தில், கட்டடம் பழையதாகிவிட்டது, இடம் போதவில்லை என்ற காரணங்களைக் கூறி அதை இடிக்க அரசு முனைந்தது. அடிமைக் காலத்தின் எச்சம் என்ற வாதத்தைவிட இடப் பற்றாக்குறை என்ற வாதமே வலுவாக வைக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. பொதுநல வழக்கு, அதாவது நேரடியாகப் பாதிக்கப்படாத குடிமகனும் பொதுமக்கள் சார்பில் நீதிமன்றத்தை அணுகும் முறை, இந்தியாவில் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. நகர மக்கள் சிலர் அந்த வழியை நாடினர். நீதிபதிகள் தாங்கள் அமர்ந்திருந்த கட்டடத்தின் உயிரைப் பற்றிய வழக்கையே கேட்க வேண்டியதாயிற்று. வழக்கும் எதிர்ப்பும் சேர்ந்து கட்டடத்தைக் காப்பாற்றின. விடுதலை பெற்ற தலைமுறை வெறுத்த முகப்புக்காக அடுத்த தலைமுறை வழக்காடியது.

இத்தகைய கேள்விகளில் அரசுக்கு ஆலோசனை கூறவென்றே பெங்களூர் நகரக் கலை ஆணையம் 1976இல் அமைக்கப்பட்டிருந்தது. நகரின் கட்டட மரபைப் பதிவு செய்யும் டி. பி. இஸ்ஸாரின் நூல் 1988இல் வெளிவந்தது அதன் முயற்சியாலேயே. 2001இல் அந்த ஆணையம் கலைக்கப்பட்டது. எஸ். எம். கிருஷ்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் விதான சௌதாவின் தென்புறத்தில் தொடங்கிய விகாஸ சௌதா, 2005இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பு முதற்கட்டடத்தின் தூண்களையும் குவிமாடங்களையும் அப்படியே பின்பற்றுகிறது. இணக்கமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் விளைவு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எது மூலம், எது நகல் என்ற குழப்பமும், தனித்து நிற்பதற்காக வடிக்கப்பட்ட ஒரு கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அதன் எளிய பிரதியும்தான். 1956இன் கட்டடத்தை எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் அதில் ஒரு கருத்து இருப்பது தெரிந்திருந்தது. 2005இன் கட்டடத்தில் சண்டையிடுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. 2012இல் பெலகாவியில் திறக்கப்பட்ட சுவர்ண விதான சௌதாவும் அதே வடிவத்தைத் தொடர்ந்தது.

1951இல் அடிக்கல் நாட்டிய பிறகு திட்டம் மாறியது. 1980களில் இடிக்கும் முடிவுக்குப் பிறகே மக்கள் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. முடிவு முதலில், விவாதம் பின்னர் என்ற இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். அட்டாரா கச்சேரியையும் விதான சௌதாவையும் சூழ்ந்த பகுதியில் இனி எழும் எந்த அரசுக் கட்டடத்தின் வரைபடமும், ஒப்பந்தம் கோருவதற்கு முன்பாகவே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதன் மதிப்பீட்டுச் செலவும் அதனுடனேயே வெளியிடப்பட வேண்டும்.